சேர்ச் மணிக்கு ஒரு நிமிடம் முன்பு

நான் ஒரு சேர்ச் மணியோடு போட்டிக்கு நின்றவன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இதைவிட மோசமாக இருக்கும்.

டென்மார்க்கில், யூலாந்துப் பக்கம் நாங்கள் இருக்கும் சிறிய நகரத்தில், மேட்டின் மேல் அவர்களுடைய சேர்ச் இருக்கிறது. கீழே தொழிற்பேட்டையில், டயர்க் கடைக்குப் பக்கத்தில், எங்கள் பிள்ளையார் கோயில். முன்பு அது ஜன்னல் செய்கிற தொழிற்சாலை. எனக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பின்னேர வேலை என்பதால் காலையில் கோயிலைத் திறக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எட்டு மணிக்குச் சேர்ச் மணி அடிக்கும். அதற்கு ஒரு நிமிடம் முன்பு நான் எங்கள் மணியை அடித்துவிடுவேன். ஐயர் வந்தாரா, விளக்கு ஏற்றியாயிற்றா என்பதெல்லாம் பிறகு. முதலில் மணி. மேட்டின் மேல் யாரோ ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி, "இவன் இன்றைக்கும் முந்திவிட்டானே" என்று பல்லைக் கடிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, திருப்தியாகத் தேத்தண்ணி குடிப்பேன். ஒருநாள் பனியில் கார் வழுக்கி நான் பிந்திவிட்டேன். மேட்டு மணி தனியாகக் கணீரென்று அடித்தது. அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் பொறாமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளை அடித்த சுவர், மீசை கத்தரித்த மாதிரி வெட்டிய பச்சை வேலி, உள்ளே சூடாக்கிய தரை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவர்களை ஒரு சின்ன வான் வண்டியில் ஏற்றிவிடலாம். எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை செருப்பு வைக்க இடமில்லை. காரை டயர்க் கடைக்காரனின் வாசலில் விட்டு அவனிடம் ஏச்சு வாங்குகிறோம். கற்பூரம் ஏற்றுவதென்றால் முதலில் தீ அலாரத்தை நிறுத்த வேண்டும். ஒருமுறை நிறுத்த மறந்து, தீபாராதனைக்குத் தீயணைப்புப் படையே வந்து நின்றது. இந்த நாட்டில் எந்தச் சமயத்துப் பிள்ளையென்றாலும் பிறப்பைப் பதிவது சேர்ச்தான்; என் மகள் பிறந்தபோது அவள் பெயரைப் பதிந்ததும் அந்தச் சேர்ச் அலுவலகம்தான். பிள்ளையாரிடம் நேர்ந்து பெற்ற பிள்ளையின் கணக்கு அவர்களின் கையில்!

நாங்கள் விட்டுவந்த இலங்கையிலும் பௌத்த மதத்துக்கு முதலிடம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அங்கே அந்த வரியை நினைத்தால் எங்களுக்குப் பயம் வரும். இங்கேயும் ஒரு சேர்ச்சை அரசு தாங்கும் என்று சட்டத்தில் இருக்கிறது. இங்கே எனக்குப் பயம் வரவில்லை, வயிறு எரிந்தது.

இந்த நிலையில்தான் தேர்ப் பிரச்சினை வந்தது. எங்கள் தேர் வருடா வருடம் லொறி நிறுத்தும் இடத்தைச் சுற்றிவிட்டு உள்ளே போய்விடும். இந்த வருடம் அதை மேட்டு வீதியால், ஊருக்குள்ளே கொண்டுபோக வேண்டும் என்று கோயில் தலைவர் பிடிவாதமாக நின்றார். தேரைச் செய்வித்து, கப்பலில் இறக்கி, இத்தனை காலமும் பார்த்துக்கொண்டவர் அவர். இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த வருடம் வடம் பிடிப்பாரோ தெரியாது.

"பிள்ளையார் இந்த ஊருக்கு வந்து இவ்வளவு காலம். இன்னும் டயர்க் கடையைத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறார்?" என்றார்.

பொலிஸிடம் நான்தான் போய்க் கேட்டேன், சரியென்றார்கள். ஆனால் தேர் ஞாயிறு காலையில். சேர்ச்சில் பூசை நடக்கும்போது பக்கத்தில் சத்தம் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். சேர்ச் சம்மதித்தால் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள்.

"நீ போய்க் கதை தம்பி. உன்ர டேனிஷ்தான் நல்லம்," என்றார் தலைவர்.

"அண்ணை, வேற ஆரையும் அனுப்புங்கோவன்."

"ஏன், உனக்கும் அவைக்கும் ஏதும் கொழுவல், சண்டையோ?"

என்ன சொல்வது? மணியடித்துக் கொழுவினேன் என்றா? போனேன்.

சேர்ச்சின் போதகர் ஒரு பெண். ஜீன்ஸ் போட்டிருந்தார். மேசையில் சைக்கிள் ஹெல்மெட் கிடந்தது. கோப்பி ஊற்றி, கேக் வெட்டி வைத்தார். அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. தேரைப் பற்றிக் கேட்க முன்னரே மணிக் கதையைச் சொல்லி, உங்கள் மணியடிக்கிறவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அதைக் கணினி அடிக்கிறது. அந்த நேரம் நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருப்பேன்."

இவ்வளவு நாளும் நான் ஒரு கணினியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அது பல்லைக் கடித்திருக்க வழியில்லை, பல்லே இல்லை.

தேரைப் பற்றிக் கேட்டேன். அன்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் இருக்கிறது, சேர்ச் சபையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் அவரே போன் எடுத்தார். தேர் வரலாம். ஆனால் பச்சை வேலி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை மேளம் வேண்டாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்கள் மணிக்கு வேலி இல்லை. எங்கள் மேளத்துக்கு மட்டும் வேலியா? உங்கள் மதம் அரசின் மதம் என்பதாலா?"

"ஒரு பகுதி அதனால்தான்," என்று ஒளிக்காமல் சொன்னார். "மற்றப் பகுதி, குழந்தை பயந்து அழும். இன்னொன்று, இந்த நாட்டில் நீங்கள் எந்தச் சாமியையும் கும்பிடலாம். அரசருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர் எங்கள் சேர்ச்சில்தான் இருந்தாக வேண்டும். பாவம்."

ஒரு அரசரைப் பார்த்துப் பரிதாபப்படுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார். நான் சம்மதித்தேன்.

தேரன்று ஓகூஸ், பிரெடெரிசியா நகரங்களிலிருந்தும் சனம் வந்து நிறைந்தது. தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வடத்தின் முன்னால் நின்றார். மேட்டில் ஏறும் வரை தவிலும் நாதஸ்வரமும் வீதியைப் பிளந்தன. வேலி தொடங்கியதும் நான் கையைத் தூக்கினேன், மேளம் நின்றது. வடம் இழுபடும் சத்தம், சில்லுகள் உருளும் சத்தம், வெறும் கால்களின் சத்தம். யாரோ ஒரு அம்மா அடிக்குரலில் "பிள்ளையாரப்பா" என்றார். பிள்ளையார் இவ்வளவு அமைதியாகப் போய் நான் பார்த்ததில்லை. நாங்கள் சத்தம் போடாமல் இருந்தால் இவ்வளவு வடிவா, இவ்வளவு அழகா என்று நினைத்தேன். உடனே அந்த வடிவுக்கும் காரணம் அவர்களுடைய வேலிதானே என்று எரிச்சல் வந்தது.

சேர்ச் கதவு திறந்தது. போதகர் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டியுமாகப் படியில் நின்றார். பக்கத்தில் நீண்ட வெள்ளைச் சட்டையில் அந்தக் குழந்தை, தாயின் தோளில் நித்திரை. வேலி முடிந்து மேளம் மறுபடி தொடங்கியபோதும் அது கண் திறக்கவில்லை.

தலைவர் தேரை நிறுத்தச் சொன்னார். ஐயரிடமிருந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டு, அந்த இடுப்போடு திரும்பி நடந்து படியேறி, போதகரின் கறுப்பு அங்கிக்கு மேல் போர்த்தினார். சனம் கை தட்டியது. பொலிஸோடு கதைத்தது நான். கேக் சாப்பிட்டது நான். மேளத்தை நிறுத்தியது நான். பொன்னாடை அவருக்கு! என் தோளை ஒருமுறை தடவிப் பார்த்தேன், வெறும் சால்வைதான் இருந்தது.

பின்னேரம் கோயில் சமையலறையில் மனைவி அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். தலைவர் கதிரையில் சாய்ந்து, கண் மூடி, சிரித்தபடி இருந்தார். நான் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு அவளருகில் போனேன்.

"அந்தப் போதகர் மனிசி பெரிசாச் செய்துபோட்டா எண்டு எல்லாரும் சொல்லுகினம். எங்கட சமயம் அரசாங்கத்தின்ர சமயமா இருந்து, எங்கட பூசை நேரத்தில அவை சிலுவையைத் தூக்கிக்கொண்டு எங்கட வாசலால போகக் கேட்டு வந்திருந்தா, நானும் விட்டிருப்பன்தானே?"

அவள் அண்டாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீங்கள் விட்டிருக்க மாட்டியள்."