மூன்று தரம் கூப்பிடாத குரல்

1. குசினியில் முதல் நாள்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துப் பங்களாவில் நான் குசினிக்காரனாகச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். சமைக்க வேண்டியது ஒருவருக்குத்தான். குருமடத்தில் லத்தீன் கற்பிக்கக் கப்பலேறி வந்து, வந்த வேகத்தில் காய்ச்சலில் விழுந்து, ஓய்வுக்காக மலைக்கு அனுப்பப்பட்ட வெள்ளைக்காரச் சாமியார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது.

முதல் நாள் ரொட்டியைத் தூக்கிக் காட்டி, "பானிஸ்" என்றார். "சரிங்க சாமி" என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். நானும் "பானிஸ்" என்ற பிறகே சாப்பிட்டார். தண்ணீர் ஆக்வா, நெருப்பு இஞ்ஞிஸ், காலைக் கடிக்கும் அட்டை சாங்குவிசூகா. எனக்கு ஒரு சொல் புரியவில்லையென்றால் அதைத் திருப்பிச் சொல்லவே மாட்டார். வேறு சொல்லைப் போடுவார், நடித்துக் காட்டுவார். கோழிக்கறி வேண்டுமென்று ஒருநாள் மேசையைச் சுற்றிக் கொக்கரித்தார். சிரித்தால் வேலை போய்விடும் என்று நான் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

2. பனி இறங்கிய மத்தியானம்

தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பனி மூடிய பிறகு சரிவிலிருந்து குரல் வந்தால், அதே கூப்பாடு மூன்று தரம் கேட்டால்தான் பதில் கொடுப்பார்கள். மனிதன் சொன்னதையே சொல்வான், மனிதனல்லாத மற்றது மாற்றி மாற்றிக் கூப்பிடும் என்பது கங்காணி மாயாண்டியின் சட்டம்.

ஒருநாள் உலாவப் போன சாமியார் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பவில்லை. தேடிப் போனேன். பனிக்குள் பறிப்பு ஆட்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே ஓடைப் பக்கம் ஏதோ கத்திக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்துண்ணே?" என்றேன் கங்காணியிடம்.

"ரொம்ப நேரமா அப்பு. ஒரு தரம் சொன்னத மறுதரம் சொல்ல மாட்டேங்குது. பேசாம நில்லு."

"சாமியாரா இருந்தா?"

"சாமியாருன்னா இங்கிலீசுல கத்துவாரு. இது இங்கிலீசு இல்ல. தொரைகிட்ட பதினஞ்சு வருசம் ஏச்சு வாங்குனவன், எனக்குத் தெரியாதா?"

அது லத்தீன் என்று எனக்காவது உறைத்திருக்க வேண்டும். பயத்தில் எந்த மொழியும் காதில் ஏறவில்லை. பங்களாவை நோக்கி வீரமாக ஓடினேன். பனியில் திசை தெரியாமல் குரலை நோக்கியே ஓடியிருக்கிறேன்.

"நோலி குர்ரெரே!"

காலடியிலிருந்து வந்தது. என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. அடுத்த எட்டில் தரையே இல்லை, பள்ளம். கொதிக்கும் சூப்போடு நான் ஓடும்போதெல்லாம் சாமியார் சொல்வது அது. ஓடாதே. அதற்கு யாரும் எனக்குத் தமிழில் அர்த்தம் சொன்னதில்லை. கால்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

வேரைப் பிடித்து இறங்கினேன். சாமியாரின் கால் பாறையிடுக்கில் சிக்கியிருந்தது. இடுப்புவரை ஓடைத் தண்ணீர், உதடு நீலம். இன்னும் சிறிது நேரம் போனால் ஆள் மிஞ்ச மாட்டார்.

மேலே பார்த்துக் கத்தினேன். ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. மறுபடி கத்தினேன். இன்னும் வேகமாக ஓடினார்கள். சாமியார் என்னை வியப்போடு பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, நான் கத்தியது லத்தீனில். முதலில் "ஃபூனிஸ்!", அடுத்து "வேனிதே!" வாத்தியார் வழியிலேயே, சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல்.

ஃபூனிஸுக்குத் தமிழில் என்ன? வாயைத் திறந்தேன், வரவில்லை. பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, பெயர் இல்லை. எங்கள் வீட்டு மாட்டை நினைத்தேன். மாடு வந்தது, முளைக்குச்சி வந்தது, அதில் கட்டியிருந்தது கடைசியாக வந்தது.

"கயிறு! கயிறு! கயிறு!"

"வர்றோம் அப்பு! வெரசா வர்றோம்!"

3. கங்காணி கேட்டது

சாமியார் பிழைத்தார். மறுவாரம் கம்பை ஊன்றிக்கொண்டு குருமடத்துக்கு இறங்கிப் போனார். அதன் பிறகு கங்காணி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீ கயிறு கேக்குறதுக்கு முன்னால, சாமியாரு கொரலு போக இன்னொண்ணு கத்துச்சே. அது யாரு?"

"நான்தாண்ணே."

"ஒன் கொரலு எனக்குத் தெரியாதா? அது வேற ஆளு."

பறிப்பு ஆட்களும் அதையே சொன்னார்கள். ஒரு பெண் அதற்குப் பிறகு என் கையால் காப்பித்தண்ணி வாங்கவே இல்லை.

வேற்று மொழி கற்க விரும்பும் இளைஞர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். தாய்மொழி வழியாகக் கற்றால் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லையும் வாசலில் நிறுத்தி, நீ யார் என்று கேட்டுத்தான் உள்ளே விடுவோம். சாமியார் வழியில் கற்றால் வாசலில் கேட்க ஆளில்லை, வெகு சீக்கிரம் வந்துவிடும். தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், வந்தது உங்கள் குரலில்தான் பேசும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.