அம்மா அமுக்கிய கிளட்ச்

கியர் தானாக மாறும் என் புதுக் காரில் திண்டிவனம் தாண்டினோம். இன்ஜின் சத்தம் ஏறியதும், பக்கத்திலிருந்த அம்மாவின் வலது கால் தரையை அமுக்கியது.

அறுபதுகளில் விழுப்புரத்தில் அப்பா வாடகைக் கார் ஓட்டினார். ஒரு விபத்துக்குப் பின் அவருடைய இடது கால் மடங்கவில்லை. வேறு கார் வாங்கும்போது, தரையில் கியர் உள்ளதுதான் கெட்டி என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஸ்டியரிங்கில் கியர் உள்ளதையே கேட்டார்.

"நடுவுல கம்பி நின்னுக்கினு இருந்தா, எம் பொண்டாட்டி எப்டி நெருங்கி ஒக்காந்து கிளட்ச் அமுக்குவா?"

பின்சீட்டில் எனக்கு அவர் குரல்தான் கேட்கும். "அமுக்கு புள்ள... வுடு."

அப்பா போய் எத்தனையோ வருஷம்.

"இதுல கிளட்ச் இல்லம்மா," என்றேன்.

"தெரியும்டா. நீ ஓட்டு."

அடுத்த முறை சத்தம் ஏறியபோதும் அமுக்கினாள்.