எதிரிலிருந்து பார்த்த இன்ஜின்

ரயில் ஓட்டுகிற லோகோ பைலட் வேலையில் தண்டவாளத்தின் குறுக்கே ஆள் வருவது என்றாவது ஒருநாள் நடந்துவிடும். எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை நடந்திருந்தது. இரண்டு முறையும் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, மறுபடி டூட்டிக்குப் போனேன். மூன்றாவது முறை அப்படிப் போக முடியவில்லை.

காலை நேரம். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஒரு மனிதர், என் வயதுதான் இருக்கும், கையில் துணிப்பையோடு தண்டவாளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஹாரனை விடாமல் அடித்தேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நகரவில்லை. பக்கத்தில் இருந்த அசிஸ்டென்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. வாய்விட்டுக் கத்தினேன் என்று அசிஸ்டென்ட் பிறகு விசாரணையில் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். விசாரணையிலும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ரயில் சத்தம் கேட்கும். ஹாரன் கேட்டதும் கை தானாக பிரேக் பிடியைத் தேடும். புத்தூரில் ஒரு டாக்டரிடம் மனைவி அழைத்துப்போனாள். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கைக்கு ஏதாவது வேலை கொடுங்க சார்" என்றார் அவர்.

அன்று மாலையே மனைவி பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். கல்யாணமான புதிதில் சென்னையில் ஒரு கண்காட்சியில் நான் வாங்கிய டீசல் இன்ஜின் பொம்மை அது. ஒரு முழம் இருக்கும். பழைய மாடல். கைப்பிடிக் கம்பிகள் தனியாக இல்லாமல் உடம்போடு சேர்ந்த கோடுகளாக இருந்தன. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் கறுப்புப் பெயின்ட். ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளிப் பொட்டுகள்.

"இதை நிஜ இன்ஜின் மாதிரி பண்ணணும்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே" என்றாள்.

செய்தேன். வேறு என்ன செய்வது? அச்சில் வந்த கோடுகளை பிளேடால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கையால் சுழற்றுகிற சின்ன டிரில்லில் ஊசிமுனை அளவு துளைகள் போட்டு, கிடார் கம்பியை வளைத்துக் கைப்பிடிகள் செருகினேன். ஜன்னலில் கறுப்பைச் சுரண்டி வெட்டியெடுத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். ஒருமுறை பசை சிந்தி ஒரு ஜன்னல் வெளுத்துப்போனது. மறுபடி வெட்டினேன். மனைவி புருவம் பிடுங்கும் இடுக்கியால் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் அவள் தன் தங்கையிடம் போனில், "இப்ப தேவலாம்டி. கூப்பிடாமலே சாப்பிட வர்றார்" என்று சொல்வது காதில் விழுந்தது. சில நாட்கள் நானும் அதை நம்பினேன்.

ஒரு பக்கம் முடிந்ததும் ஹெட்லைட்டுக்கு வந்தேன். பெரிய கடைவீதியில் சீரியல் லைட் விற்கிற கடையில் கடுகு மாதிரி இரண்டு பல்புகள் கிடைத்தன. பொருத்தி, பேட்டரியோடு இணைத்தேன். இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமே. மேஜையில் மோவாயை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரிலிருந்து பார்த்தேன்.

இத்தனை வருஷமும் இன்ஜினுக்குள்ளிருந்து வெளியே பார்த்தவன் நான். தண்டவாளத்தில் நிற்கிறவனின் இடத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. இரண்டு வெளிச்சங்கள் கண்ணைக் கூசவைத்தன. அவற்றுக்குப் பின்னால் ஜன்னல்கள் வெறும் இருட்டாகத் தெரிந்தன. உள்ளே யாரும் இருப்பதாகத் தோன்றவே இல்லை.

அன்றைக்கும் எங்கள் ஹெட்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்தார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். போகும்போது ஒரு மனித முகத்தை, அவருக்காகக் கத்துகிற ஒரு முகத்தை, அவர் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று. எனக்கே தெரியாமல் அந்த நினைப்புதான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

மனைவி காபியோடு வந்தாள். "ஏங்க, எரியுதே! நிஜ இன்ஜின் மாதிரியே இருக்குங்க" என்றாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. "உள்ள டிரைவர் பொம்மை வைக்கலியா?"

"வெச்சாலும் தெரியாது" என்றேன். ஏன் அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இன்றுவரை நான் அதை விளக்கிச் சொல்லவில்லை. அந்த இன்ஜினுக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி உண்டு. மறுபக்கத்துக்கு நான் திரும்பவே இல்லை.

இனி வண்டி ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது ஜங்ஷனில், ஓட்டுகிறவர்களுக்கு டூட்டி போடுகிற அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்னோடு இருந்த அசிஸ்டென்ட் இப்போது தானே வண்டி ஓட்டுகிறார். வந்து கையெழுத்துப் போடுவார், வணக்கம் சொல்வார், போய்விடுவார். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. போன மாதம் ஒரு மத்தியானம் கையெழுத்துப் போட்ட பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கும் ஒண்ணு ஆயிடுச்சு சார். போன வாரம். ஒரு அம்மா."

அறையில் வேறு யாரும் இல்லை. "உட்காருப்பா" என்றேன். உட்காரவில்லை.

"உங்களுக்கு எப்ப சார் சரியாச்சு?"

சரியாகிவிடும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆகலப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு ஒண்ணுமே பண்ணல சார். நல்லா சாப்பிடறேன், படுத்தா தூங்கிடறேன். அதான் பயமா இருக்கு."

ஒருநாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றார். வண்டி ஏறுமுன் குடித்திருக்கிறார்களா என்று பார்க்கிற மூச்சுப் பரிசோதனைக் கருவியை நீட்டினேன். ஊதினார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் சார்" என்று பிளாட்பாரத்துக்கு நடந்தார்.