மிட்டு வீட்டுக் கீழ்த்தளம்

மழை நாளில் பழைய சுண்ணாம்புச் சுவரில் முதுகைச் சாய்த்து எழுந்தால் சட்டையில் வெள்ளையாக ஈரப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு ஊறப்போட்ட பயறும் நனைந்த செங்கல்லும் கலந்தது போல ஒரு வாசனை. பதினோரு வயது வரை என் பள்ளிச் சீருடையில் அந்த வாசனைதான் அடித்தது, அம்மா எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் போகவில்லை. வடக்குக் கல்கத்தாவில், டிராம் ஓடும் பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், என்றோ ஒரு வியாபாரக் குடும்பம் கட்டிய பெரிய வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு வங்கியில் வேலை. தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தெற்கே ஏரிப் பக்கம் கூடி வாழ்ந்தபோது, ஆபீசுக்கு நடந்தே போகலாம் என்கிற ஒரே காரணத்துக்காக அப்பா எங்களை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்.

எங்களை அந்தச் சந்தில் "பாராட்டே" என்பார்கள். தமிழ்க் காதுக்கு யாரோ புகழ்வது போல இருக்கும். வங்காளியில் அதற்கு வாடகைக்கு இருப்பவர் என்றுதான் பொருள் என்று எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. வீட்டுக்காரர்கள் மாடியில் இருந்தார்கள். வீட்டுக்காரரை "ஜேட்டு" என்றும் அவர் மனைவியை "ஜேட்டிமா" என்றும், பெரியப்பா பெரியம்மா முறை வைத்து, நான் கூப்பிடுவேன். அவர்களுடைய ஒரே மகள் மிட்டுவுக்கு என் வயது. நடு முற்றத்துக் கருங்கல் தளத்தில் கட்டம் போட்டு "எக்கா தொக்கா" ஆடுவோம், நம் ஊரில் பாண்டி என்பதைத்தான். கோடை வந்தால் ஜேட்டிமா மொட்டை மாடியில் மாங்காய் ஊறுகாய் ஜாடிகளை வெயிலுக்கு வைப்பார். காக்கை விரட்டும் பொறுப்பு எனக்கு. மிட்டுவை அதற்கு நம்ப முடியாது, அவளே தின்றுவிடுவாள். "இவள் என் மதராஸிப் பெண்" என்று ஜேட்டிமா பக்கத்து மாடிக்காரர்களிடம் சொல்லும்போது எனக்கு வேறு எந்தப் பெயரும் வேண்டாம் என்று இருக்கும்.

எனக்குப் பதினோரு வயதான வருஷம், பங்குனி வாக்கில் மாநகராட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்து, வாசல் கதவுக்கு மேலே ஒரு தகரப் பலகையை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். "பிபொஜ்ஜொனோக் பாரி" என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. ஆபத்தான வீடு. ஜேட்டு பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க கொள்ளுத்தாத்தா கட்டின வீடு, இடியே விழுந்தாலும் நிக்கும்" என்றார். எங்கள் படுக்கையறை உத்தரத்தில் கையளவு ஆழத்துக்கு ஒரு வெடிப்பு இருப்பது அப்பாவுக்குத் தெரியும். அதற்கு நேர் கீழேதான் எங்கள் கட்டில் கிடந்தது. ஒரு மாதத்துக்குள் டாக்குரியாவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், புதிதாகக் கட்டிய வீட்டில் இரண்டாம் மாடிக்குக் குடிபோய்விட்டோம். குழாயில் எந்நேரமும் தண்ணீர், பக்கத்தில் ஏரி, மேல் வீட்டில் கும்பகோணத்துக்காரர்கள். அதிர்ஷ்டசாலிகள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மட்டும் இடிந்து விழப்போகிற வீட்டில் தொடர்ந்து இருக்கக் கொடுத்துவைத்த மிட்டுவை நினைத்து வயிறெரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே கூட்டிப் போகச் சொல்லி அப்பாவைப் பிடுங்குவேன். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு கூட்டிப் போனார். வாசலில் பலகை இல்லை. முற்றத்தில், என் இடத்தில், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் ஒற்றைக் காலில் கட்டம் தாண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் புதுல். வீடு பூட்டிக் கிடந்தால் இன்னும் சீக்கிரம் பாழாகும் என்று ஜேட்டு கீழ்த்தளத்துக்கு வேறு குடும்பம் வைத்துவிட்டார். புதுலின் அப்பா வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியர். நான் உட்கார்ந்து பாடம் படித்த ஜன்னல் விளிம்பில் அவளுடைய மண் பொம்மைகள் வரிசையாக இருந்தன. என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள் என்று மிட்டுவிடம் சொன்னேன்.

"இந்த ஆட்டம் முடியட்டும் ஜெயா, நீ படியில உட்காரு" என்றாள்.

ஆட்டம் முடிந்தது, அடுத்த ஆட்டமும் அவர்கள் இருவருக்குள்ளேயே தொடங்கியது. அதற்குள் ஜேட்டிமா மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்து, "புதுல், மாடிக்கு வாடிம்மா, ஜாடியைக் காக்கை கொத்துது" என்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அட, மதராஸி வந்திருக்காளா? பாரு, இப்ப இவதான் என் சின்ன மகள்" என்று புதுலைக் காட்டினார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குக் காது மடல்கள் சுட்டன.

புதுலின் அம்மாவை "காக்கிமா" என்று கூப்பிட வேண்டும், சித்தி முறை. அவர் எங்கள் பழைய சமையலறையில் எனக்குப் பொரியும் தேங்காய்க் கீற்றும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்த்திவைத்து, இது நீ இருந்த வீடாமே, எப்படி விட்டுப் போக மனசு வந்தது என்று கேட்டார். திறந்த கதவு வழியாகப் படுக்கையறை தெரிந்தது. அவர்களுடைய கட்டிலும் வெடிப்புக்கு நேர் கீழேதான் கிடந்தது. வெடிப்பின்மேல் புதிதாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள்.

"வீடு விழப்போறதுன்னு கார்ப்பரேஷன்ல சொல்லிட்டாங்க காக்கிமா, அதான் போயிட்டோம்" என்றேன்.

அவர் சிரித்தார். "யாரும்மா அப்படிச் சொன்னது?"

பலகையை எங்கே வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாத சாமான் எதுவானாலும் அந்த வீட்டில் மாடிப்படிக்கு அடியில்தான் போகும். காக்கிமாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய், கரி மூட்டைக்குப் பின்னாலிருந்து தகரப் பலகையை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு தலையை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார். திரும்பினால், முற்றத்தின் நடுவில் மிட்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே புதுல் குடும்பம் பெஹாலாவில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. ஆடி பிறந்து, விடாமல் மழை அடித்த ஒரு பிற்பகலில் அந்தப் படுக்கையறையின் உத்தரம் முறிந்து, மேல்தளமும் சேர்ந்து கட்டில் இருந்த இடத்தில் விழுந்தது. கீழே யாரும் இல்லை, மாடியில் இருந்தவர்களும் அப்போது வேறு பக்கத்தில் இருந்தார்கள். அப்பாவுக்கு ஆபீசில் செய்தி வந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டார், அப்போது நான் தூக்கும் வயதைத் தாண்டியிருந்தேன். "மூணு உயிரைக் காப்பாத்தியிருக்கா எங்க ஜெயா" என்று கும்பகோணத்துக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் எனக்குக் கேசரி செய்து கொண்டுவந்தார்கள். அம்மா மட்டும் தலை பின்னிவிடும்போது மெதுவாகக் கேட்டாள்: "உனக்கு எதுக்குடி அதைச் சொல்லணும்னு தோணிச்சு?"

"பாவமா இருந்துதும்மா" என்றேன்.

அம்மா பின்னலை இழுத்து முடிந்தாள், அதற்குமேல் கேட்கவில்லை. நானும் அதற்குமேல் அந்தச் சந்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி அப்பாவைக் கேட்கவில்லை. ஜேட்டுவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒரு பக்கம். நான் ஏன் சொன்னேன் என்பது மிட்டுவுக்குத் தெரியும் என்பது இன்னொரு பக்கம். தினமும் ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டது பழகிப்போய், பள்ளி முடிந்து, கல்லூரி முடிந்து, கல்யாணமாகி, நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இப்போது நான் கல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் மகனோடு இருக்கிறேன். அவனோடு வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும், மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்கள், ஞாயிறு சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் வடக்குக் கல்கத்தாவில் ஒரு சந்து பற்றிப் பேசினார்கள்: பழைய வீடுகளைப் பழுதுபார்த்து விடுதியாகவும் காபிக் கடையாகவும் மாற்றியிருக்கிறார்களாம், சுவரெல்லாம் படம் வரைந்திருக்கிறார்களாம். "ஆன்ட்டி, நீங்க அவசியம் பார்க்கணும், எங்க இடம் அது" என்றாள் கோவைப் பெண். சந்தின் பெயரைக் கேட்டேன். என் சந்துதான். எங்க இடமாம். அன்று குழம்பில் உப்புப் போட மறந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை வாடகைக் காரில் என்னை அழைத்துப் போனார்கள். தலைக்குமேல் சிக்கிக் கிடந்த கம்பிகளைக் காணோம். கரி வண்டி, தெருக்குழாயடிச் சண்டை, மதியத்தில் பித்தளைப் பாத்திரம் விற்கிறவன் தட்டிக்கொண்டு போகும் மணி, ஒன்றுமில்லை. ஜன்னல்களின் மரச் சட்டங்களுக்கு ஒரே பச்சை. மிட்டு வீட்டு வாசலில் ஒரு இளைஞன் பத்துப் பதினைந்து பேருக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருந்தான்: கட்டிய வியாபாரி, அவருடைய படகுகள், பாட்டுக் கச்சேரிகள். "அப்புறம் வாடகைக்காரர்கள் வந்து நிறைஞ்சு வீடு சீரழிஞ்சுபோச்சு, அந்தக் காலத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை" என்று முடித்தான். அதில்தான் என் பதினோரு வருஷமும் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவன் அவர்களை அடுத்த வீட்டுக்கு நகர்த்திவிட்டான்.

உள்ளே, எங்கள் அறைகள் இருந்த இடத்தில் மேஜை நாற்காலிகள். படியேறும்போது பின்னாலிருந்து வங்காளியில் ஒரு குரல்: "இன்னும் கைப்பிடியைத் தொடாமத்தான் ஏறுவியா ஜெயா?"

மிட்டு நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக நின்றாள். ஜேட்டு காலமான பிறகு, ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து வீட்டைச் சரிசெய்து, மேலே ஒரு பகுதியில் தானே குடியிருந்து விடுதியையும் பார்த்துக்கொள்கிறாள். என்னை எதிரே உட்கார்த்திவைத்து டீ ஊற்றினாள். நாற்பது வருஷமாக நான் ஒத்திகை பார்த்ததை அவளே எடுத்துவிட்டாள்.

"நான் புதுலோட ஆடறது பிடிக்காமத்தானே பலகையை எடுத்துக் காட்டினே?"

"ஆமாம்" என்றேன்.

"நல்லவேளை உனக்குப் பிடிக்கலை" என்று சொல்லி அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எங்க பாபா உன்மேல கோபப்படவே இல்லை. பலகையை ஒளிச்சு வெச்சவர் அவர்தானே, சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாஞ்சார். நீதான் வரவே இல்லை. ரொம்ப நாள் ஞாயித்துக்கிழமை ஆனா வாசல்ல நிப்பேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்த நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. திரையில் புதுல்.

தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாளாம். பெஹாலாவுக்குப் போன மறு மாதமே கடிதம் போட்டாளாம், அன்றிலிருந்து விட்டுப்போகவில்லையாம். மிட்டுவின் பிரசவத்துக்குக் கூட இருந்தவள் அவள்தான். ஜேட்டிமாவின் கடைசி நாட்களில் வாயில் தண்ணீர் ஊற்றியவளும் அவள்தான். விடுதியின் திரைச்சீலைகள்கூட அவள் தேர்ந்தெடுத்தவை. "ஜெயா வந்திருக்கா" என்று மிட்டு சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு கூவல் கேட்டது, போனை என்னிடம் கொடுத்தாள். புதுல் அழுதுகொண்டே, "நீ இல்லேன்னா நான் இல்லை" என்றாள். நல்ல குரல், உண்மையான குரல். நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே, ஜேட்டிமாவுக்குத் தண்ணீர் ஊற்றியதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது மிட்டு வாசல் வரை வந்தாள். வீட்டில் நின்றுபோயிருந்த துர்கா பூஜையை மறுபடி தொடங்கிவிட்டார்களாம். "இந்த வருஷம் பூஜைக்கு வந்து என்னோட தங்கு. புதுலும் வருவா, மூணு பேரும் இருக்கலாம்" என்றாள்.

"அவ எப்ப வருவா?" என்று கேட்டேன்.

"சஷ்டி சாயங்காலம்."

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் பஞ்சமி காலையிலேயே எனக்கு வண்டி வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.