செல்லையா பெரியப்பாவின் நான்காவது சாவு

கோகிலவாணி ஒரு கொலைகாரி. நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒன்பது வருடத்தில் பதினேழு பேரைச் சாகடித்திருக்கிறாள். கத்தியும் கிடையாது, விஷமும் கிடையாது. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று மூக்கை உறிஞ்சி, "சார், எங்க சித்தப்பா போய்ட்டாருங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. சித்தப்பா அந்த நேரத்தில் பந்தலூர் டீக்கடையில் உட்கார்ந்து பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். இங்கே கோகிலாவுக்கு இரண்டு நாள் லீவு விழுந்துவிடும்.

கொழுந்து பறிக்கிற எல்லோரும் அவசரத்துக்கு ஒன்றிரண்டு உறவைக் கொல்கிறவர்கள்தான். ஆனால் மற்றவர்களுக்குச் சீக்கிரமே ஆள் தீர்ந்துபோகும். கோகிலாவுக்குத் தீராது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பாதிச் சொந்தம் அந்தக் கரையிலேயே தங்கிவிட்டது. ஹட்டனில் ஒரு பெரியப்பா செத்தாரா இல்லையா என்று நடுவட்டத்திலிருந்து யார் போய்ப் பார்ப்பது? அப்படித்தான் செல்லையா பெரியப்பா மூன்று தடவை செத்தார். ஒரு தடவை மாரடைப்பு, ஒரு தடவை லாரி, மூன்றாம் தடவை சிறுத்தை.

"ஏம்மா, செத்தது ஹட்டன்ல. நீ பிளேன் ஏறியா போகப்போறே?" என்று கேட்டார் கிளார்க் கீர்த்திவாசன்.

"இல்லீங்க சார். இங்கேருந்தே அழுதுக்கறேன்."

அழுகையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முந்தானை ஓரத்தில் நீலகிரித் தைலம் நாலு சொட்டு விட்டுக்கொண்டு வருவாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் கொட்டும். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கும் கொட்டும். போன வருடம் ஜெராக்ஸ் கடையில் ஆஸ்பத்திரிச் சீல் போட்ட கடிதமே தயாரித்துக்கொண்டு வந்தாள். நாத்தனார் செல்வியை "கோயம்புத்தூர் டாக்டர்" ஆக்கி ஆபீசுக்குப் போன் பண்ணவும் வைத்தாள். அதில்தான் மாட்டினாள். டாக்டரம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் "செல்வி, ஆட்ட அவுத்து விட்டியா?" என்று யாரோ கத்திவிட்டார்கள்.

கீர்த்திவாசன் லேசுப்பட்ட ஆளில்லை. லீவு ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு தொழிலாளியின் வம்சத்தையும் மரம்போல வரைந்து வைத்திருந்தார். செத்தவர் பெயர்மேல் ஒரு கோடு. கோகிலாவின் பக்கத்தில் கோடில்லாத பெயரே கிடையாது. மாமியார் காத்தாயி மேலேயே இரண்டு கோடு. அந்தக் காத்தாயிக்குத்தான் கோகிலா தினமும் காலையில் டீ போட்டுக் கொடுக்கிறாள். கிழவிக்கும் வருத்தமெல்லாம் கிடையாது. "இந்த வாட்டி எதுல செத்தேன்?" என்று விவரம் மட்டும் கேட்டுக்கொள்வாள். வழியில் யாராவது துக்கம் கேட்டால் உளறிவிடக் கூடாதல்லவா?

நாலு வருடத்துக்கு முன்னால் எஸ்டேட்டுக்கு ஒரு முகாம் வந்தது. ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஸ்டெம் செல் கொடுக்க முன்வருகிறவர்களின் பெயரைப் பதிகிறார்கள் என்றார்கள். பெயர் கொடுப்பவர்கள் மத்தியானம் வரை மலையேற வேண்டாம் என்றும் சொன்னார்கள். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் கோகிலா வரிசையில் முதல் ஆளாக நின்றாள். கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சி விட்டுத் தேய்த்தார்கள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்த் தூங்கினாள். அவ்வளவுதான் அவள் செய்த சேவை.

இந்த வருடம் சித்திரையில் கொழுந்துக் காட்டுக்குள் நிற்கும்போது போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து தாரிணி என்று ஒரு பெண்.

"அக்கா, உங்க செல் ஒருத்தருக்குப் பொருந்துதுங்க. அவங்க எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடம் கெட்டுப்போச்சு. மருந்து குடுத்து அத மொத்தமா அழிச்சுட்டு உங்களோடத ஏத்துவாங்க. அது அங்க ஊறுனாத்தான் பொழைப்பாங்க."

"அவங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்களா?"

"பாத்தாச்சுங்க, பொருந்தல. உலகம் பூரா லிஸ்ட்டுல கோடிக்கணக்குல பேர் இருக்காங்க. ஆனா பெரும்பாலும் அவங்கவங்க வம்சாவளியிலதான் பொருந்தும். நம்ம சனங்க பேரு குடுத்தது ரொம்பக் கொஞ்சம். தேடிப் பாத்ததுல நீங்க ஒருத்தர்தான்."

கோகிலா பறித்த கொழுந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அரை நாள் தூக்கத்துக்காகப் போட்ட கையெழுத்து, நாலு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, அத்தனை கோடிப் பேரைத் தாண்டி அவளைத் தேடி வந்திருக்கிறது.

"யாருங்க அது? ஆம்பளையா, பொம்பளையா? எந்த ஊரு?"

"சொல்லக் கூடாதுங்க அக்கா."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய் வந்தாள். ரத்தம், நெஞ்சு, எடை எல்லாம் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு தேதி குறித்தார்கள். அடுத்த திங்களிலிருந்து ஐந்து நாள் ஊசி. அந்த நாட்களில் மூட்டை தூக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் மெஷினில் எடுப்பார்கள். சனிக்கிழமை ஓய்வு. ஆக, ஆறு நாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உறுதியாச் சொல்லிடுங்க," என்றாள் தாரிணி செவ்வாய்க்கிழமை. "இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்றதும் நல்லதுதான், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். வியாழக்கிழமை அங்க மருந்து ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்கப்புறம் அவங்க ரத்தம்னு அவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. நீங்க வரலைன்னா அவ்வளவுதாங்க."

சீசன் உச்சத்தில் இருந்தது. மானேஜர் ஒரு சர்க்குலர் போட்டிருந்தார்: நெருங்கிய உறவினரின் சாவு தவிர வேறு எதற்கும் லீவு கிடையாது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் லீவில் போயிருந்தார். கோகிலாவுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தாயிற்று. சொல்லாமல் நின்றால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும்.

செவ்வாய்க்கிழமையே ஜன்னலுக்குப் போனாள்.

"சார், ஆறு நாள் லீவு வேணுங்க. ஒருத்தருக்கு ஸ்டெம் செல் குடுக்கப் போறேன்."

கீர்த்திவாசன் பேனாவை மூடினார். "யாருக்கு?"

"தெரியாதுங்க."

"பேரு?"

"சொல்ல மாட்டாங்களாம்."

"ஊரு?"

"அதுவும் சொல்ல மாட்டாங்க."

"ஏம்மா கோகிலா, உன் தரம் இப்படி எறங்கிப்போச்சே! முன்னெல்லாம் செத்தவங்களுக்குப் பேராச்சும் வெச்சுட்டு வருவே."

"சார், நெசமாங்க."

"சரி, நோய் லீவு எழுதலாமா? உனக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமில்லாததுனாலதான் கூப்புடறாங்க."

கோயம்புத்தூரில் கொடுத்த கடிதத்தைக் காட்டினாள். அவர் சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஜெராக்ஸ் கடைக்காரன் முன்னேறிட்டான்" என்றார். தாரிணிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செல்வி, நல்லாப் பேசற கண்ணு. ஆட்ட அவுத்து விட்டியா?" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். "எதுக்குடி நெசத்தப் போயி சொன்ன? என்னயக் கொன்னிருந்தா இந்நேரம் லீவு கையில இருக்கும்ல?"

"இந்த வாரம் யாரையும் சாகடிக்க மாட்டேன், அத்தை."

"ஏன், புதுசா?"

"அங்க ஒருத்தங்க சாவா வாழ்வான்னு படுத்துக் கெடக்காங்க. சாவுன்னு சொல்லி வாங்குன லீவுல போயி நான் என்னத்தக் குடுக்க? அது ஊறுமா அங்க?"

மறுநாள் மத்தியானம் கோகிலா ஜன்னலுக்குப் போனபோது, கிழவியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள்.

"கிளாக்கரையா, நாந்தான் காத்தாயி. ரெண்டு வாட்டி செத்தேன்ல, அந்தக் காத்தாயி. மருமவ சொல்றது நெசம்யா. நான் சாட்சி."

கீர்த்திவாசன் ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்தார். "செத்தவங்க சாட்சி செல்லாதும்மா."

"சாவுக்குக் குடுத்த. ஒரு உசுரு பொழைக்கறதுக்குத் தர மாட்டியா?"

அவர் அதற்கும் ஒரு கேலியை வாயில் தயாராக வைத்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கோகிலாவைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை. அவள் அழவில்லை. மூக்கை உறிஞ்சவில்லை. என்ன சொல்வதென்று தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து மூக்கால் இழுத்துப் பார்த்தார்.

"தைலம் எங்கே?"

"எடுத்துட்டு வரலீங்க சார்."

"மறந்துட்டியா?"

"இல்லீங்க. இதுக்கு எதுக்குன்னு விட்டுட்டு வந்துட்டேன்."

ஒன்பது வருடத்தில் தைல வாசமில்லாமல் அந்த ஜன்னலுக்கு வந்த முதல் லீவு அது. கீர்த்திவாசன் உட்கார்ந்தார். கடிதத்திலிருந்த நம்பரை ஆபீஸ் போனில் அவரே அழுத்தினார். "மேடம், நேத்து உங்கள செல்வின்னு நெனச்சுட்டேனுங்க... இல்லீங்க, ஆடு இல்லீங்க... மன்னிச்சுக்குங்க" என்பது மட்டும் வெளியே கேட்டது. பேசி முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, லீவுப் படிவத்தை எடுத்தார்.

"மானேஜரப் புடிக்க முடியாது, வெளிநாட்டுல இருக்கார். சாவுன்னு எழுதுனாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். யாரையாச்சும் சொல்லு."

"வேண்டாங்க சார். இந்த வாரம் யாரும் சாகக் கூடாது."

"நான் என்னம்மா பண்றது? இந்தப் படிவத்துல பொழைக்கறதுக்குக் கட்டமே இல்லையே."

கடைசியில் காத்தாயிதான், "அந்தச் செல்லையாவ எழுதச் சொல்லு" என்றாள்.

கோகிலா கொஞ்சம் யோசித்தாள். "அவருன்னா பரவால்லீங்க சார்."

"ஏன், அவரு மட்டும் மனுசன் இல்லையா?"

"அவரு பொறக்கவே இல்லீங்க."

கீர்த்திவாசனின் பேனா அப்படியே நின்றது. "மொத தடவ அவரு செத்தப்ப நான் எந்திரிச்சு நின்னேனேம்மா! குல்லாவக் கழட்டிட்டு ரெண்டு நிமிசம்..."

"பாத்தேன் சார். அதனாலதான் மறுபடியும் சாகடிச்சேன். அவ்ளோ மரியாதை வேற யாருக்கும் கெடைக்கல."

அவர் எழுதினார். உறவு: பெரியப்பா. பெயர்: செல்லையா. காரணம் என்ற இடத்தில், "இம்முறை நிச்சயமாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை கூடலூரிலிருந்து ஃபெபி என்ற நர்ஸ் ஊசியோடு வந்தாள். "சேச்சி, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. எலும்பு கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி வயிற்றில் குத்தினாள். கொஞ்சம் என்பது மலையாளத்தில் எவ்வளவோ தெரியாது. செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் உள்ளேயிருந்து யாரோ செடியைக் கவாத்து வெட்டுவது போல வலித்தது. பாயில் சுருண்டு கிடந்து முனகினாள்.

ஆபீஸ் பலகையில் லீவு விவரத்தைப் பார்த்தவர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். முந்தைய மூன்று சாவுக்கும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன அதே சனங்கள்தான். இந்தத் தடவை வாசலில் நின்றதும் முகம் மாறிவிட்டது. தைலமில்லாமல் ஒருத்தி இப்படித் துடிக்கிறாள் என்றால்!

"இந்த வாட்டி நெசமாவே செத்துட்டாரு போலருக்கு," என்று கிசுகிசுத்தார்கள். ரசம் வந்தது, கஞ்சி வந்தது. மேஸ்திரி அய்யாவு ஓரமாக உட்கார்ந்து, "நல்ல மனுசன். நான் பாத்ததில்ல, ஆனா நல்ல மனுசன்" என்று கண்ணைத் துடைத்தார். காத்தாயி எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் இரண்டு கையிலும் ஊசி ஏற்றி ஐந்து மணி நேரம் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், வேண்டியதை அங்கே விட்டுவிட்டு, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. கடைசியில் கொக்கியில் ஒரு சின்னப் பை தொங்கியது. தக்காளி ரசத்தின் நிறம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க அக்கா," என்றாள் தாரிணி. "இதுக்குத்தான் ஒருத்தங்க காத்துட்டு இருக்காங்க."

ஒரு ஆள் பெட்டியில் ஐஸ் வைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். கோகிலா கண்ணுக்கு எட்டும்வரை எட்டிப் பார்த்தாள். ஏர்போர்ட் பக்கம் போனானா, ரயில் பக்கம் போனானா என்று ஜன்னலில் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. "ஊறிடுச்சுங்க அக்கா. உங்க செல்லு அங்க ரத்தம் உண்டாக்க ஆரம்பிச்சுடுச்சு. இப்போதைக்கு நல்லாருக்காங்க. அதுக்கு மேல சொல்லக் கூடாது."

அன்றைக்கு வேலை முடிந்து மஸ்டரில் ஆள் கணக்கு எடுத்ததும் கோகிலா ஜன்னலுக்குப் போனாள். லீவு கேட்கவில்லை. "ஊறிடுச்சாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். கீர்த்திவாசன் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். கோடு விழுந்த பதினேழு பெயர்களுக்கு நடுவே இடம் தேடி, ஒரு சின்னக் கட்டம் போட்டார். அதில் எழுதுவதற்குப் பெயர் இல்லை. அப்படியே விட்டார்.

மாசியில் பொக்காபுரம் மாரியம்மன் திருவிழா வந்தது. ஜன்னலில் ஆள் வருவதற்கு முன்பே தைல வாசம் வந்துவிட்டது.

"சார்..." என்று மூக்கை உறிஞ்சினாள் கோகிலா. "எங்க ஊட்ல ஒரு சாவுங்க."

கீர்த்திவாசன் கைக்குட்டையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். "எல்லார் மேலயும் கோடு விழுந்தாச்சு. இங்க ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி." விரல் அந்தப் பெயரில்லாத கட்டத்தின் மேல் நின்றது. "இவங்களா?"

கோகிலாவின் முந்தானை பாதியில் நின்றது. "சார், கைய எடுங்க. வெளையாட்டுக்குக்கூட அதத் தொடாதீங்க."

"அப்ப யாரு?"

"எங்க மாமியாருன்னு எழுதுங்க."

"மூணாவது தடவையாச்சேம்மா?"

"கேட்டுட்டுத்தான் சார் வந்தேன். போகும்போது அவங்களையும் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறதாப் பேச்சு."