கிணற்றுக்குள் இரண்டு பேர்

என் முகத்தை எந்தப் படத்திலும் யாரும் பார்த்ததில்லை. முதுகைப் பார்த்திருப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எடுத்த வீடியோ நாடகங்களில் ஒரு பெண் மதிலிலிருந்து விழுந்தாலோ, ஓடும் உழவு இயந்திரத்திலிருந்து குதித்தாலோ, கடலில் மூழ்கினாலோ, அது அநேகமாக நான்தான். கதாநாயகி அழுவாள், நான் விழுவேன். எங்களுக்குள் இருந்த வேலைப் பங்கீடு அவ்வளவுதான். அழுகைக்குத்தான் கை தட்டுவார்கள்.

வல்வெட்டித்துறையில், கடலுக்குப் போகிற குடும்பத்தில், மூன்று அண்ணைமாருக்குப் பிறகு பிறந்தவள் நான். அவர்கள் வள்ளத்திலிருந்து பாய்ந்தால் நானும் பாய்வேன். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு நேரம் கிடைப்பதற்குள் நீந்தக் கற்றுவிட்டேன். பிறகு ஒருநாள் எங்கள் கடற்கரைக்கு நாடகம் எடுக்க ஒரு கூட்டம் வந்தது. அதன் டைரக்டர் முன்பு கலியாண வீடியோ எடுத்தவர். ஊரில் மின்சாரம் நின்ற பிறகு கலியாணங்களில் வீடியோவும் நின்றது. மனுசன் சும்மா இருக்க மாட்டாமல், ஒரு கார் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாடகம் எடுக்கப் புறப்பட்டுவிட்டார். அன்றைக்குக் கதாநாயகி வள்ளத்தில் கால் வைக்கவே மாட்டேன் என்று நின்றாள். வேடிக்கை பார்க்கப் போன நான், நான் ஏறட்டோ என்று கேட்டேன். அவளுடைய சேலையை எனக்குச் சுற்றிவிட்டார்கள். அப்படித்தான் இந்தத் தொழில் தொடங்கியது.

பயமில்லையா என்று கேட்பார்கள். பொம்பர் விமான இரைச்சல் கேட்டதும் சோற்றுக் கோப்பையோடு பங்கர் குழிக்குள் பாய்ந்த ஊர் எங்களுடையது. அந்தக் கணக்கில் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் எல்லோருமே ஸ்டண்ட்காரர்கள்தான். என்னை மட்டும் கமெரா பிடித்தது. பாதுகாப்புக்கு வைக்கோல் அடைத்த சாக்குகள் உண்டு, அதுவும் மாட்டுக்காரர் திருப்பிக் கேட்கும்வரை.

அம்மா இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். ஒன்று, முகம் தெரியக்கூடாது. மற்றது, கலியாணம் ஆனதும் குதிப்பும் முடிந்துவிட வேண்டும். முதலாவது எனக்குக் கஷ்டமே இல்லை. இரண்டாவதுதான் கஷ்டம். குதிக்கிற அந்தக் கணத்தில் எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வருவதில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கலியாணப் பேச்சும் வந்தது. மாப்பிள்ளை எங்கள் ஊர்தான். பாட்டன் காலத்தில் கப்பலோட்டிய குடும்பம். ஆனால் இவர் சின்ன வயதிலேயே கடற்கரையை விட்டு வட்டுக்கோட்டைக்குப் போய், விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக வந்து உட்கார்ந்தவர். சீனிக்கு நீண்ட வரிசை நிற்கிற நாட்களிலும் தராசு முள் நேராக நிற்கும்வரை காத்திருந்துதான் கொடுப்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை பிடித்திருந்தது. ஆளையும் பிடித்திருந்தது. சாதகமும் பொருந்திவிட்டது. கலியாணத்துக்குப் பிறகு குதிக்கலாமா என்பது மட்டும் யாரும் கேட்காத கேள்வியாக என் நெஞ்சுக்குள் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் கிணற்றுக் காட்சி வந்தது.

கதைப்படி, மாமியார் கொடுமை தாங்காமல் மருமகள் கிணற்றில் குதிக்கிறாள். கதாநாயகிக்குத் தடிமன், ஒரே தும்மல். அது இல்லாவிட்டாலும் அவள் குதிக்கப் போவதில்லை. ஊருக்குத் தெற்கே செம்மண் வெங்காயத் தோட்டத்தில் ஒரு கிணற்றை டைரக்டர் பிடித்திருந்தார். மண்ணெண்ணெய் கிடைக்காமல் இறைப்பு இயந்திரம் ஓய்ந்துபோய், தண்ணீர் அள்ளும் பழைய துலா திரும்பவும் வேலைக்கு வந்திருந்தது. நல்ல ஆழம், நல்ல தண்ணீர். நான் முதலே இறங்கிப் பார்த்து, கல் எது, சேறு எது என்று அறிந்து வைத்திருந்தேன். அந்தப் பெண் தனியாக ஓடுவது போலத் தெரியவேண்டும் என்று டைரக்டர் கமெராவைத் தூரத்தில் வாழைகளுக்குப் பின்னால் வைத்தார். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் கண்டதை யோசித்துப் பாருங்கள். தலைவிரி கோலமாக ஒரு குமர்ப்பிள்ளை ஓடி வருகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், கிணற்றுக்குள் விழுகிறாள். எங்கள் ஊர்களில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

நான் தண்ணீருக்கு மேலே வந்தபோது துலாக்கயிற்றில் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். நான் நடிக்கிறேன் என்று கத்தினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். இழுத்து வெளியே போட்டு, குப்புறப் படுக்க வைத்து, குடிக்காத தண்ணீரை வெளியே எடுக்க முதுகில் குத்தினார்கள். ஒரு பெண் என் தலையை மடியில் வைத்து, உனக்கு என்ன குறை என்று அழுதாள். அதற்குள் டைரக்டர், கட், கட் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். இந்தப் பிள்ளையைக் கெடுத்தவன் இவன்தான் என்று தோட்டக்காரர்கள் முடிவு செய்து அவருக்கு இரண்டு அடி வைத்தார்கள். விளங்கப்படுத்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. காட்சியும் பாழ்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் ஈரத் தலையோடு வீடு வந்து சேருமுன்னே செய்தி வந்து சேர்ந்திருந்தது. பேசின கலியாணம் பிடிக்காமல் நான் கிணற்றில் குதித்தேனாம். மாப்பிள்ளை வீட்டிலும் அதே பேச்சு.

அடுத்த நாள் காலை எங்கள் வாசல் படலையடியில் மாப்பிள்ளையின் சைக்கிள் நின்றது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தே கேட்டார்.

"என்னைப் பிடிக்கேல்லையெண்டால் ஆரிட்டையெண்டாலும் சொல்லி விட்டிருக்கலாம். கிணத்துக்கை குதிக்கிற அளவுக்கு நான் என்ன அவ்வளவு மோசமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது என்னோடு பிறந்த குணம். அவர் முகம் சுண்டிப்போனது. அம்மா அவசரமாக நாடகக் கதையைச் சொன்னார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கிணற்றில் விழுந்த பெண்களின் வீடுகளில், வாளி எடுக்கக் குனிந்தவள் தவறி விழுந்தாள் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். நாடகம் என்று சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகவே அவருக்குப் பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுக்கிறோம், வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்றேன். ஓம், வாறன் என்றதோடு போய்விட்டார். இனிக் குதிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று அவருடைய தாய் சொல்லியனுப்பியிருப்பதாகப் பின்னேரம் ஆள் வந்து சொன்னது. இதுதான் கடைசிக் குதிப்பு என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஒரு மூச்சு அழுதும் முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் புத்திசாலியாகிவிட்டார். தோட்டம் முழுக்கப் போய், இது நடிப்பு, என்ன நடந்தாலும் ஒருவரும் அசையக்கூடாது என்று தெளிவாகச் சொல்லி வைத்தார். சனம் குடும்பத்தோடு வந்து வரம்பில் உட்கார்ந்தது. என் தலையை மடியில் வைத்து அழுத பெண் தேநீரும் கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளையும் வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டு, அதன் கையை மடித்து விட்டிருந்தார். கிணற்றுக்குப் பக்கத்தில், கமெராவில் விழாத இடத்தில் நிறுத்தினார்கள்.

ஓடினேன், திரும்பிப் பார்த்தேன், குதித்தேன். அடியில் கல்லைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசி முறை, அதுவும் அவர் பார்க்க. எவ்வளவு நேரம் மூச்சடக்குவேன் என்று காட்டிவிட வேண்டும் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்துவிட்டேன். அப்போது தலைக்கு மேலே தண்ணீர் பிளந்தது. வெள்ளைச் சேட்டு ஒன்று, கையும் காலும் நான்கு திசைக்கும் போக, செருப்போடு இறங்கி வந்தது.

கப்பலோட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொலரில் பிடித்து மேலே கொண்டு வந்தேன். உதவி கேட்டு ஒரு குரல் கொடுத்தேன். வரம்பில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். போன முறை நடிப்பை உண்மையென்று ஓடி வந்தவர்கள், இந்த முறை உண்மையை நடிப்பென்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டரும் கமெராவை நிறுத்தவில்லை. நானே அவரைச் சுவரோரம் இழுத்துப் போய், நீட்டிக்கொண்டிருந்த கல்லைப் பிடிக்க வைத்தேன். கொஞ்ச நேரம் இருமினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏன் குதிச்சனீங்கள்?"

"உம்மை மேலை காணேல்லை."

"இது படமெண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

"பிறகு?"

"உம்மை மேலை காணேல்லை," என்று திரும்பவும் அதையே சொன்னார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. இப்போது சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"கலியாணத்துக்குப் பிறகும் நான் குதிப்பன்."

அவர் கண்ணில் விழுந்த தலைமயிரை ஒதுக்கக்கூடக் கல்லிலிருந்து கை எடுக்கவில்லை. "குதியும்," என்றார். "முதல் எனக்கு நீந்தப் பழக்கிவிடும்."

வீட்டில் போய் என்ன சொன்னாரோ தெரியாது. முகம் தெரியாவிட்டால் சரி என்று அவருடைய தாய், என் வருங்கால மாமி, இறங்கி வந்தார். தான் குதித்ததை மட்டும் அவர் தாயிடம் சொல்லவில்லை. தோட்டத்துச் சனமும் அவரை நாடகக் கோஷ்டியில் ஒருவர் என்றே நினைத்திருந்ததால் அந்தச் செய்தி ஊருக்குள் வரவில்லை. கைக்கு வந்த காட்சியை வீணாக்க மனமில்லாத டைரக்டர் கதையையே மாற்றினார். புதுக் கதைப்படி, கொழும்பில் இருந்த கதாநாயகன் அவசரமாக ஊர் திரும்பி, மனைவிக்குப் பின்னால் கிணற்றில் குதித்தான். அவனுக்கும் ஒரு வெள்ளைச் சேட்டுத் தேடிப் போட்டுவிட்டார்கள்.

கலியாணம் முடிந்து சில வாரத்தில் நாடகத்தைக் காட்டினார்கள். இரவில் வெளிச்சம் தெரிந்தால் ஆபத்து என்று, பள்ளிக்கூட மண்டபத்தில் பட்டப்பகலில், யன்னலெல்லாம் சாக்குக் கட்டி, ஜெனரேற்றர் வைத்து. முன் வரிசை வாங்கில் மாமி, பக்கத்தில் நான், அடுத்து அவர். கிணற்றுக் காட்சி வந்தது. என் முதுகு ஓடியது, விழுந்தது. பிறகு வெள்ளைச் சேட்டு ஒன்று, கமெராவுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு கணமும் யோசிக்காமல் குதித்தது. மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"உப்பிடிக் குதிக்கிறதெண்டால் மனசு வேணும், பிள்ளை. என்ரை மகன் காலும் நனைக்கமாட்டான்." பிறகு திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆர் பெத்த பிள்ளையோ, நல்லாயிருக்க வேணும்."

எனக்கு மறுபக்கத்தில் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.