அக்காவுக்குக் கல்கண்டு, எனக்கு ஊசி

எங்கள் வீட்டில் ஓரவஞ்சனை உண்டு என்பதை எட்டு வயதிலேயே ஆதாரத்தோடு கண்டுபிடித்துவிட்டேன். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு. அம்மாவுக்கு அவள்தான் உசத்தி, நான் சும்மா கணக்குக்குப் பிள்ளை. இதை அந்த வருஷத்துத் தொண்டை வலி சந்தேகமில்லாமல் நிரூபித்தது.

மார்கழி ஏகாதசி வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் எந்த வீடும் வீட்டாருக்குச் சொந்தமில்லை. உறவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். கூடத்தில் பாயோடு பாய் ஒட்டிப் போட்டு, குழந்தைகள் நாங்கள் பதினோரு பேர் ஒருத்தர் மூச்சில் ஒருத்தர் கிடந்தோம். அதில் மதுரையிலிருந்து வந்த மாமா பிள்ளை தொண்டை வலியோடு வந்திருந்தான். சொர்க்கவாசல் சேவித்த புண்ணியத்தை எல்லாரும் ஊருக்கு எடுத்துப் போனார்கள். அவன் மட்டும் தன் தொண்டை வலியை அக்காவுக்கும் எனக்கும் விட்டுவிட்டுப் போனான்.

எச்சில் விழுங்க முடியவில்லை. காய்ச்சல் கொதித்தது. அப்பா இருவரையும் சித்திரை வீதி டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் டார்ச் அடித்து இரண்டு தொண்டையையும் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் பென்சிலின், தினம் ஒன்றாகப் பத்து நாள், கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

கம்பவுண்டர் ஊசி போடும் அறை தெருவைப் பார்த்தபடி இருக்கும். வாசலில் அரைத் திரை. காற்று அடித்தால் அதுவும் கிடையாது. ஊசி போடுவது இடுப்புக்குக் கீழே. சீட்டைப் பார்த்ததும் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"பன்னெண்டு வயசுப் பொண்ணை அந்த மனுஷன் முன்னால எப்படி நிறுத்தறது? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவா? அவளுக்கு நான் கஷாயம் வெச்சுத் தரேன்."

அப்பா தலையைச் சொறிந்தார். அப்பா தலையைச் சொறிந்தால் சரி என்று அர்த்தம். ஆக, நான் பத்து நாள் அந்தத் தெருவறையில் நிஜாரை இறக்கிக்கொண்டு ஊளையிட்டேன். அக்கா வீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து மிளகும் சித்தரத்தையும் போட்ட கஷாயம் குடித்தாள். குடித்தவுடன் அம்மா அலமாரித் தகர டப்பாவைத் திறந்து ஒரு கட்டி பனங்கல்கண்டு எடுத்து அவள் வாயில் போடுவாள். நான் கை நீட்டினால், உனக்குத்தான் ஊசி இருக்கே என்பாள். ஊசியை யாராவது வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? எனக்கு வயிறு எரிந்தது.

நாலாம் நாள் இரண்டு பேருக்குமே வலி போய்விட்டது. கஷாயத்திலேயே கேட்டுவிட்டது என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையடித்தாள். எனக்கு இன்னும் ஆறு ஊசி பாக்கி இருந்தது.

தை பிறந்தது. ரத சப்தமிக்கு வாசலில் தேர்க்கோலம் போடுவது அக்காவின் வேலை. போன வருஷம் அவள் போட்ட தேரைப் பார்க்க அடுத்த வீதியிலிருந்து மாமிகள் வந்தார்கள். இந்த வருஷம் இரண்டு நாள் முன்னால், வலது முழங்கால் வலிக்கிறது என்றாள். கொஞ்சம் வீங்கியும் இருந்தது. சுளுக்கு என்று அம்மா எண்ணெய் தடவினாள். மறுநாள் முழங்கால் சரியாகிவிட்டது, மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். மத்தியானம் அவள் நொண்டாமல் கிணற்றடிக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். விடுவேனா? சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் போய்ச் சொல்லிவிட்டேன், அக்கா பாசாங்கு பண்ணுகிறாள், கோலம் போட உடம்பு வணங்கவில்லை என்று.

"நேத்திக்கு முழங்கால், இன்னிக்கு மணிக்கட்டா? வலி என்ன ஊர் சுத்தறதா?" என்று அப்பா கேட்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் பரம திருப்தி.

ரத சப்தமியன்று விடிந்ததும் அவள் கோலமாவோடு வாசலில் உட்கார்ந்தாள். தேர் வந்தது, குடை வந்தது, ஒரு சக்கரமும் வந்தது. இரண்டாவது சக்கரத்தில் கை நின்றது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் வாசற்படியில் நின்று, "நடிக்கறாம்மா, நம்பாதே" என்றேன். அப்பா வந்து கையைப் பிடித்துத் தூக்கினார்.

"தொடாதேங்கோப்பா."

கணுக்கால் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. அப்பா ஜட்காவைக் கூப்பிட ஓடினார்.

என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர் அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். திருப்பிப் படுக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்டார். பிறகு, மூன்று வாரத்துக்கு முன்னால் தொண்டை வலி வந்ததா என்றார். அம்மா அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் வந்தது. பிள்ளைக்கு ஊசி போட்டோம். இவளுக்குக் கஷாயத்துலயே கேட்டுடுத்து."

டாக்டர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "வலிதாம்மா போயிருக்கு. வியாதி போகலை. அதுதான் இப்ப மூட்டு மூட்டா ஏறி இறங்குது. மூட்டு சரியாயிடும். இதயத்துல பட்டது சரியாகாது. இனிமே ஒரு தொண்டை வலிகூட இவளுக்கு வரக்கூடாது. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, வருஷக்கணக்கா போடணும்."

அம்மா என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். எனக்குக் கேட்டது கடைசி வாக்கியம் மட்டும்தான். வருஷக்கணக்காக ஊசி, அதுவும் அக்காவுக்கு.

அக்கா பங்குனியில் வீடு திரும்பினாள். அதற்கப்புறம் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. மலைக்கோட்டைக்கு எத்தனை தடவை போனோம், அவள் கீழேயே உட்கார்ந்து எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டாள். முப்பத்தாறு வயது வரை இருந்தாள். இதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்தப் பங்குனியில் நடந்தது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகு போடவேண்டிய முதல் ஊசிக்கு அதே கம்பவுண்டரிடம், அதே தெருவறைக்குப் போனோம். காற்றில் திரை விலகாமல் அம்மாவே இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். போகிற வருகிற எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே அலமாரிக்குப் போய்க் கல்கண்டு டப்பாவை எடுத்து, அப்படியே முழுசாக என் மடியில் வைத்தாள்.

"நீயே வெச்சுக்கோ. இனிமே இது அலமாரியில வேண்டாம்."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் அக்காவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியாகக் கடித்துத் தின்றேன். ஒருவழியாக அம்மாவுக்குப் புத்தி வந்துவிட்டது, இந்த வீட்டில் எனக்கும் நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.